கத்தரிச் செடிக்கு உரம்: எதை, எப்போது, எவ்வளவு

கத்தரி பெருந்தீனிச் செடி. வெண்டை மாதிரி ஒரு பருவம் காய்த்துவிட்டு ஓய்ந்துபோகாது. தீனி ஒழுங்காகக் கிடைத்தால், கிளையை வெட்டி மறுபடி துளிர்க்கவிட்டு, ஒரே செடியில் இரண்டு மூன்று சுற்று காய் பறிக்கலாம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் புதிதாகக் கத்தரி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உரம் போதாமல் தோற்றவர்கள் குறைவு. வரிசை தப்பித் தோற்றவர்களே அதிகம். சுண்ணாம்பு போடவேண்டிய நாளில் கோழி எரு, வேர் பிடிக்க விடவேண்டிய வாரத்தில் கலப்பு உரம், பூ எடுக்கும்போது யூரியா. வாங்கிவந்த சாமான் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நாள்தான் தப்பாகிப் போயிருக்கும். அதனால் இங்கே ஒவ்வொன்றையும் போடும் நாளோடு சேர்த்தே சொல்கிறேன். அளவெல்லாம் தரையில் வைத்த செடிக்கு. பாலிபேக்கில், அதாவது பிளாஸ்டிக் நாற்றுப் பையில், வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு; அது கீழே 8 என்ற எண்ணின் கீழ் இருக்கிறது.

1. தொடங்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை

சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவது இல்லை, உரக்கடையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கிடைக்கும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். டோலமைட் என்று எழுதியிருந்தாலும் சரிதான். இதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன.

எரு. மக்கிய மாட்டெரு, ஆட்டெரு, அல்லது பதப்படுத்தி உருண்டையாக்கிய கோழி எரு. கோழிப் பண்ணையிலிருந்து அப்படியே அள்ளிவந்த பச்சை எரு வேண்டாம். அதில் கிளம்பும் அமோனியா இளம் வேரைக் கருக்கிவிடும். ஈயும் மொய்க்கும், பக்கத்து வீட்டாரோடு சண்டையும் வரும்.

கலப்பு உரம் இரண்டு வகை. கடைக்காரர் பச்சை பாஜா, நீல பாஜா என்று சொல்வார்; பாஜா என்றால் மலாயில் உரம். பச்சை என்பது வழக்கமாக 15-15-15. நீலம் 12-12-17-2. நிறத்தை மட்டும் நம்பாமல் பையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல்சத்து (பொட்டாசியம்). நீலத்தில் கடைசியாக வரும் 2, மக்னீசியம். 15-15-15 உரத்தில் 10 கிராம் எடுத்தால் அதில் தழைச்சத்து 1.5 கிராம்தான். மீதி உரம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: பை முழுக்கச் சத்து இருப்பதில்லை.

அப்புறம் ஒரு தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி. தோட்டத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தலைதட்டிய தேக்கரண்டியில் உரக்குருணை ஏறக்குறைய 5 கிராம், மேசைக்கரண்டியில் 15 கிராம். சமையல் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் போதும். கைப்பிடிக் கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஆள் கை வேறு. பத்துச் செடியில் இரண்டு கருகி, மூன்று பட்டினி கிடப்பதற்கு அந்தக் கைப்பிடிதான் காரணம்.

எஸ்டேட்டில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) போடும் உரம் தெரிந்தவர் மூலம் வருகிறதென்று சிலர் வாங்கிப் போடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். செம்பனைக்கு போரான் அதிகம் தேவை என்பதால் சில கலவைகளில் போரேட் சேர்ப்பார்கள். காய்கறிக்கு போரான் துளிதான் வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலே இலை ஓரம் தீய்ந்துவிடும். அதோடு, கணக்கில் இருக்கிற மூட்டை வெளியே வந்தால் யார் தலையில் விடியும் என்று உங்களுக்கே தெரியும்.

2. இடமும் பாத்தியும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழவேண்டும். நிழலில் நிற்கும் செடிக்கு எவ்வளவு போட்டாலும் இலைதான் வளரும்.

பழைய லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கொல்லை மண்ணும் புதிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு மண்ணும் ஒன்றில்லை. லயத்துக் கொல்லையில் பல வருடச் சாம்பலும் எருவும் குப்பையும் ஊறிக் கிடக்கும். தாமான் வீட்டுக்குப் பின்னால் இருப்பதோ பெரும்பாலும் மேடாக்கக் கொட்டிய செம்மண், நடுநடுவே சிமெண்டுக் கட்டி. மண்வெட்டியை ஒரு அடி இறக்கிப் பாருங்கள். கருத்த மேல்மண்ணே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக வந்தால், எருவின் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

பாத்தி ஒரு மீட்டர் அகலம், குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரம். செடிக்குச் செடி 60 முதல் 75 சென்டிமீட்டர். உயரம் எதற்கென்றால், சாயங்காலம் கொட்டுகிற மழைத் தண்ணீர் வேரடியில் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாது. மூச்சுவிடாத வேர் உரத்தை இழுக்காது. இலை மஞ்சளாகும், உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் போடுவார்கள்.

3. விதை போடும் அன்றே சுண்ணாம்பு

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விதை போட்டு நாற்று நடும் பதத்துக்கு வர நான்கைந்து வாரம் ஆகும். சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யவும் கிட்டத்தட்ட அதே காலம் வேண்டும். ஆகவே தட்டில் விதையைப் போட்ட அன்றே பாத்தியில் சுண்ணாம்பைத் தூவிவிடுங்கள்.

ஏன் சுண்ணாம்பு? தீபகற்பத்தின் உள்பகுதி மண் பெரும்பாலும் புளிப்பு மண். பி.எச். அளவு நாலு, நாலரை என்று கிடக்கும். கத்தரிக்கு ஐந்தரை முதல் ஆறரை வரை வேண்டும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்து மணிச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போடும் உரத்தின் நடு எண், அந்த மண்ணில் செடிக்கு எட்டாமலேயே கிடக்கும்.

அளக்கும் கருவி இல்லையென்றால் சுற்றிலும் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக் புதரும், வேலியோரம் ரெசாம் பெரணியும் செழித்து நின்றால் மண் புளிப்புதான், சந்தேகமே வேண்டாம்.

அளவு: ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். மண்ணின் மேல் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மழை இல்லையென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேலே வெள்ளையாக விட்டுவைத்தால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும்; சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்குவது மிக மெதுவாக.

அடுத்த பயிருக்கும் இதே அளவு போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் பாதி அளவு போதும். சுண்ணாம்பு மிஞ்சினால் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காது. புது இலை, நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் வெளுத்து வரும்.

விறகுச் சாம்பல் போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சாம்பலும் சுண்ணாம்பு மாதிரி புளிப்பைக் குறைக்கும், கூடவே சாம்பல்சத்தும் தரும். போடலாம். ஆனால் அதைச் சுண்ணாம்புக் கணக்கில் சேருங்கள், எருவோடு கலக்காதீர்கள்.

4. இரண்டு வாரம் கழித்து எரு

சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போட்டால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை கிளம்பும். அந்த வாடைதான் உங்கள் தழைச்சத்து. அமோனியாவாகி காற்றில் போகிறது. இரண்டு வாரம் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

நன்கு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு சதுர மீட்டருக்கு 2 கிலோ. உருண்டைக் கோழி எரு என்றால் அரை கிலோ. அதில் சத்து அதிகம். மேல்மண்ணோடு கலந்து, நடுவதற்கு முன் இரண்டு வாரம் சும்மா விடுங்கள். கையை நுழைத்துப் பார்த்தால் சூடு இருக்கக்கூடாது. வாடை போய் மண்வாசம் வரவேண்டும். சூடு இருந்தால் நாற்று இன்னும் சில நாள் தட்டிலேயே நிற்கட்டும், ஒன்றும் ஆகாது.

செம்பனைக்குள் மேயும் மாட்டின் சாணம் இங்கே எளிதாகக் கிடைக்கும். நல்ல சாமான்தான். ஆனால் மக்காமல் போட்டால் புல் விதையெல்லாம் உங்கள் பாத்தியில் முளைக்கும். குவித்து, மழை படாமல் மூடி, இரண்டு மாதம் வைத்துப் பிறகு எடுங்கள்.

5. நடும் அன்றும் அடுத்த பத்து நாளும்: ஒன்றும் போடாதீர்கள்

நாற்றில் நாலைந்து நல்ல இலை வந்ததும், சாயங்காலம் நாலரை ஐந்து மணி வாக்கில் நடுங்கள். குழியில் உரக்குருணை போடவேண்டாம்.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் கை நிற்காமல் தடுமாறுகிறார்கள். நட்ட மூன்றாம் நாள் இலை தொங்கும், கீழ் இலை ஒன்று மஞ்சளாகும். உடனே ஒரு கரண்டி பச்சை உரம். உரம் என்பது உப்பு. வேர் பிடிக்காத செடியைச் சுற்றி உப்பு சேர்ந்தால், மண்ணிலிருந்து தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் வேரிலிருந்து வெளியே வரும். செடி நனைந்த மண்ணில் நின்றுகொண்டே காயும்.

அந்தப் பத்து நாளில் செடிக்கு வேண்டியது காலையில் தண்ணீர், மத்தியான வெயிலுக்கு ஒரு தென்னோலை மறைப்பு, அவ்வளவுதான். நடுக்குருத்தில் புது இலை விரிந்து, வெளிர்பச்சையாக மினுங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாளை எண்ணுவதைவிட அந்தக் குருத்தைப் பார்ப்பது மேல்.

6. முதல் தீனி

புது இலை வந்தபிறகு முதல் தடவை தண்ணீராகக் கொடுங்கள். பச்சை உரம் ஒரு மேசைக்கரண்டி, 10 லிட்டர் தண்ணீர். முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுங்கள். குருணை முழுவதும் கரையாது, அடியில் கசடு தங்கும், அது இயல்பு. கலக்கி, செடிக்கு அரை லிட்டர் வீதம், தண்டில் படாமல் சுற்றிலும் ஊற்றுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு தடவை இதே மாதிரி. அதற்குப் பிறகு குருணைக்கு மாறலாம். செடிக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.

எங்கே போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டுத் தோல் புண்ணாகும், அந்தப் புண் வழியே நோய் நுழையும். உரத்தை இழுக்கும் மெல்லிய வேர்கள் இலை விரிப்பின் ஓரத்துக்கு நேர்கீழே இருக்கும். சிறு செடிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, விரல் ஆழத்தில் ஒரு வட்டம் கீறி, அதில் தூவி, மண்ணால் மூடுங்கள். செடி வளர வளர வட்டமும் பெரிதாகவேண்டும். மூடாமல் விட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். சாக்கடை ஓரத்துப் புல் மட்டும் கரும்பச்சையாக நிற்கும்.

7. பூ எடுத்ததும் நீலத்துக்கு மாறுங்கள்

நட்டு ஆறு வாரம் அளவில் பூ வரும். முதல் மொட்டைக் கண்டதுமே பச்சையை நிறுத்தி நீலத்துக்கு மாறுங்கள். காய் உருவாகும்போது செடி சாம்பல்சத்தை நிறைய இழுக்கும். தழைச்சத்து மிஞ்சினால் இலை பெருக்கும், பூ உதிரும், குருத்து மெத்தென்று இருக்கும். மெத்தென்ற குருத்துக்குத்தான் துளைப்புழுவும் அசுவினியும் முதலில் வரும்.

அளவு 15 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. காய் பறிக்க ஆரம்பித்தபின் 20 கிராம். செடி இடுப்புயரம் வந்து, வாரம் இரண்டு பறிப்பு கொடுத்தால் 25 வரை போகலாம். அதற்குமேல் போட்டு அதிகக் காய் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

தீனி போதுகிறதா என்று கேட்டால் கத்தரிப் பூவே சொல்லும். மலர்ந்த பூவைத் திருப்பிப் பாருங்கள். நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பு மாதிரி கூடி நிற்கும். சூல்முடி, அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய் பிடிக்கும் பூ. கூம்புக்குள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அந்தப் பூ உதிரத்தான் போகிறது. எல்லாச் செடியிலும் இரண்டு வகையும் இருக்கும். ஆனால் பத்துப் பூவில் ஏழெட்டு குட்டையாக இருந்தால் செடிக்குத் தெம்பு இல்லை. பெரும்பாலும் காய்ச் சுமை கூடி, தீனி பின்தங்கியிருக்கும். முற்றிய காயை எல்லாம் பறித்துவிட்டு, ஒரு தீனி கொடுத்து, பத்து நாள் கழித்துப் பூவைத் திருப்பிப் பாருங்கள்.

பறிப்பும் தீனிக் கணக்கைச் சேர்ந்ததே. பளபளப்பு இருக்கும்போதே பறிக்கவேண்டும். கட்டைவிரலால் லேசாக அமுக்கினால் குழி மெல்ல மேலே வரும், அதுதான் பதம். பளபளப்பு மங்கினால் உள்ளே விதை முற்றுகிறது. அந்த ஒரு காய்க்குப் போகும் சத்தில் இரண்டு பிஞ்சு வளர்ந்திருக்கும். "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விட்டுவைப்பவர்கள் வீட்டில்தான் பிஞ்சு உதிர்கிறது என்ற புகாரும் வரும்.

யூரியா எங்கே என்று கேட்பீர்கள். நூற்றுக்கு 46 தழைச்சத்து உள்ள உரம் அது. வீட்டுக் கத்தரிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ஈர மண்மேல் கிடந்தால் ஒரு பகுதி காற்றில் போகும், இலைமேல் விழுந்தால் கருக்கும். இல்லாமலே நன்றாகக் காய்க்கும்.

8. பாலிபேக்கில் வைத்தால்

மேல்மண் மூன்று பங்கு, எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. பை 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. உரக்குருணையின் அளவைப் பாதியாக்கி, நாட்களையும் பாதியாக்குங்கள்: 20 கிராம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பதை 10 கிராம் வாரத்துக்கு ஒரு முறை என்று. பையில் வேருக்கு ஒதுங்க இடம் இல்லை, ஒரே தடவையில் விழும் உப்பு அத்தனையும் அதன்மேல்தான்.

பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் தீனியை நிறுத்தி, அடி ஓட்டை வழியே தண்ணீர் நன்றாக ஓடும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

9. மழைக்குத் தகுந்தபடி

மேற்குக் கரையில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பலமாக இருக்கும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகும் சத்துகள். அந்த மாதங்களில் மொத்த அளவைக் கூட்டவேண்டாம்; அதையே சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டு வார உரத்தை இரண்டாக வகுத்து வாரா வாரம்.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வருகிற நாளில் போடாதீர்கள். முதல் நாள் மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் காலைதான் நல்ல நேரம். காய்ந்த மண்ணில் போடுவதானால் முதலில் தண்ணீர், பிறகு உரம், மறுபடி கொஞ்சம் தண்ணீர்.

பொங்கலுக்கு வீட்டுக் கத்தரி பறிக்க ஆசைப்படுபவர்கள் அக்டோபர் தொடக்கத்தில் விதை போட்டால் கணக்குச் சரியாக வரும். விதையிலிருந்து முதல் காய்க்கு நூறு நாள் சொச்சம். ஆனால் அந்த நாற்று தரைக்கு வருவது நல்ல மழையில். பாத்தியை 30 சென்டிமீட்டர் உயர்த்தாமல் அந்த ஆசை வேண்டாம்.

மூடாக்கு போட்டால் மழையின் அடி மண்ணில் நேராக விழாது, உரமும் நிற்கும். லாலாங் புல்லைப் பூக்கும் முன் அறுத்துக் காயவைத்துப் போடலாம். செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் அதுவும் நல்லது, சாம்பல்சத்து நிறைந்தது. இரண்டு எச்சரிக்கை: ஒரே அடுக்காகப் போடுங்கள், குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கடன் வாங்கும் என்பதால், செடி நன்றாகத் தேறிய பிறகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

10. சமையலறையிலிருந்து வருபவை

அரிசி கழுவின தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. தாராளமாகப் போடுங்கள், ஆனால் இவை தீனி அல்ல, நொறுக்குத்தீனி. முட்டை ஓடு கரைந்து கால்சியமாக வர நீண்ட காலம் ஆகும். அரைத்துத் தூளாக்கினால் கொஞ்சம் சீக்கிரம். மீன் கழுவின தண்ணீரை ஊற்றுபவர்கள் மேலே மண் போட்டு மூடவேண்டும். இல்லையென்றால் ராத்திரி பூனையும், ஆற்றோர வீடுகளில் பியாவாக் என்கிற உடும்பும் வந்து பாத்தியைக் கிளறிப் போடும்.

11. இலையைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: பழைய இலையா, புது இலையா?

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மழைக்காலம் முடியும்போது அதிகம் தெரியும். ஒரு தடவை பச்சை உரம் 10 கிராம் கொடுத்துப் பாருங்கள்.

அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க நடுவில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, காலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். பாழான இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் பலன் தெரிந்துகொள்ளவேண்டும்.

அடி இலை ஓரம் தீய்ந்த மாதிரி காய்ந்தால் சாம்பல்சத்து. காய்ப்பு உச்சத்தில் வரும்.

புது இலை சுருண்டு சிறுத்தால் அது பெரும்பாலும் பசி இல்லை. இலையைத் திருப்பி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, செம்பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

12. வாடும் செடிக்கு உரம் போடும் முன்

"அண்ணே, காலையில் நல்லாத்தான் நின்னுச்சு, மத்தியானம் தொங்கிப்போச்சு. கொஞ்சம் பாஜா போடவா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "இலை மஞ்சளாச்சா, பச்சையாவே தொங்குதாம்மா?" என்பதுதான்.

பச்சையாகவே தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்து, இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போனால் அது பாக்டீரியா வாடல். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் முடிந்தது கதை. அது கிருமி. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேரடி நீர் தேக்கமா, உரச் சூடா என்று பாருங்கள்.

வாடல் வந்த செடியை எந்த உரமும் காப்பாற்றாது. வேர்மண்ணோடு பிடுங்கி, எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கத்தியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் வேண்டாம். கிருமி மண்ணிலேயே பல காலம் தங்கும். சோளம் வைக்கலாம். அதே இடத்தில்தான் கத்தரி வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சுண்டைக்காய்ச் செடியை அடித்தண்டாக வைத்து, அதன்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும்.

13. வெட்டிவிட்டு மறுபடி தீனி

நாலைந்து மாதம் காய்த்ததும் காய் சிறுக்கும், கிளை நீண்டு கட்டையாகும். அப்போது பிடுங்கிப் போடாதீர்கள். வேர் நல்லபடியாக இருந்தால், மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்து, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒட்டுச் செடியானால் ஒட்டுக்கு மேலே இரண்டு மூன்று கணு இருக்கவேண்டும்.

வெட்டிய அன்று உரக்குருணை கூடாது. இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது, உரம் வேரடியில் உப்பாகத் தங்கும். அன்றைக்குச் சுற்றிலும் லேசாகக் கொத்தி, செடிக்கு ஒரு கிலோ மக்கிய எரு போட்டு மூடாக்கு போடுங்கள். துளிர் ஒரு விரல் நீளம் வந்தபின் பச்சை உரம் 10 கிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு 10. பலமான துளிர் மூன்று நாலை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். மொட்டு வந்ததும் நீலம், 15 கிராமிலிருந்து.

வெட்டி மூன்று வாரமாகியும் துளிர் வராவிட்டாலோ, வெட்டு வாயில் தண்டு நடுவில் பழுப்பாக இருந்தாலோ அந்தச் செடிக்கு எருவை வீணாக்கவேண்டாம். பிடுங்கிவிட்டு, அந்தப் பாத்தியில் ஒரு பருவம் கீரையோ காராமணியோ போட்டு, புது நாற்றுக்கு விதை போடும் அன்று வேறு பாத்தியில் சுண்ணாம்பைத் தூவுங்கள்.